மங்களம் பாடாத வார்டு

எனக்கு எண்பத்து மூன்று வயது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். அதில் நான் பெற்றது நாலு. மற்ற மூன்று பேர் என் நாத்தனார் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள். ஏழு பேரும் இன்றைக்குச் சொந்தக் காலில் நிற்கிறார்கள். இதை வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்த வாரமும் சொல்லியாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு காலை நேரம். மழை அப்போதுதான் விட்டிருக்கிறது. ஓட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் பதினோரு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு துணி மூட்டை. மாற்றுத் துணி, சீப்பு, சிலருக்கு ஒரு கண்ணாடித் துண்டு. அவ்வளவுதான் அவர்கள் சொத்து. இந்தப் பக்கம் நான். கதவின் சாவி என் இடுப்பில்.

வரிசையின் முதலில் நின்றவள் தங்கம்மை. தக்கலைப் பக்கத்துக்காரி.

"கதவத் தொற" என்றாள்.

"எங்க போணும்?"

"வீட்டுக்குத்தான். வேற எங்க? மங்களம் பாடியாச்சுல்லா."

"இன்னைக்கு யாரும் போகல்லே தங்கம்மை. போய் இரி."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பின்னே எதுக்குடி மங்களம் பாடினா?" என்று கேட்டாள்.

நான் அதைப் பைத்தியப் பேச்சு என்று நினைத்தேன். அந்த ஒரு கேள்வியைக் காதில் போட்டுக்கொள்ளாததால், ஒரு பெண்ணின் பிழைப்பு போகப் பார்த்தது.

ஒரு கடிதம்

இதை ஏன் இந்த வாரம் சொல்கிறேன் என்றால், சில வாரங்களுக்கு முன்னால் இந்தப் பத்தியில் 'மனநோய் இல்லத்தில் சாவி வைத்திருந்தேன்' என்று ஒரு வரி சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் கடிதம் எழுதியிருக்கிறாள். பாட்டுப் பாடி நோயாளிகளைத் தேற்றுவதற்கு இப்போது படிப்பே இருக்கிறதாம். அவள் அதைப் படிக்கிறாளாம். 'படிப்பு முடித்து வேலைக்குப் போய் நின்றால் இந்தப் படிப்பு கை கொடுக்குமா அம்மா?' என்று என்னிடம் கேட்கிறாள்.

என் பேத்தி செல்வி கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து நான் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுப்பவள் அவள்தான். கடிதத்தை வாசித்துவிட்டு, "ஆச்சிக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியாது போல" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். படிப்பைப் பற்றி எனக்குத் தெரியாது. படித்துவிட்டு வந்து நின்ற ஒருத்தியைத் தெரியும்.

சாவி இடுப்புக்கு வந்த விதம்

ராஜா ஆட்சி போய், திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி ஓரிரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்து நாலு வயது இருக்கும். நாஞ்சில் நாட்டிலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள். தம்பானூருக்குப் பின்னால் ஒரு லைன் வீடு. என் வீட்டுக்காரர் லாட்ஜ் சமையல்காரர்.

ஊருக்கு வெளியே செம்மண் குன்றில் ஒரு டாக்டர் சொந்தமாக ஒரு சின்ன இல்லம் நடத்திவந்தார். சித்தம் கலங்கிய பெண்கள் இருபத்து சொச்சம் பேர். டாக்டர் மலையாளத்துக்காரர், நல்ல மனுஷர். இல்லம், டாக்டர் எதுவும் இப்போது இல்லை. அதனால் பேரும் வேண்டாம்.

நான் முதலில் கஞ்சி காய்ச்சத்தான் போனேன். ஒரு நாள் ஒருத்தி என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். நான் கத்தவில்லை. 'விடு, பயறு கரிஞ்சு போவும்' என்று மட்டும் சொன்னேன். அவள் விட்டுவிட்டாள். டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் சாவி என் இடுப்புக்கு வந்தது. உள்ளங்கை நீளம் இருக்கும், கறுத்த இரும்பு. தாலிக்கு அடுத்தபடி நான் பெருமையாகச் சுமந்தது அதைத்தான்.

பாட்டு டீச்சர்

சீமையில் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்குப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று டாக்டர் எங்கோ படித்திருக்கிறார். அப்படி வந்தவள்தான் விசாலம். வலியசாலை அக்கிரகாரத்துப் பெண். சங்கீதப் பள்ளியில் நாலு வருஷம் படித்துப் பட்டம் வாங்கினவள். அப்போது இருபது வயது.

முதல் நாள் ஜட்கா வண்டியில் தம்புராவைக் குழந்தைபோல மடியில் சாய்த்துக்கொண்டு வந்து இறங்கினாள். வார்டு நடுவில் பாய் விரித்தாள். தம்புராவைச் சுருதி சேர்க்க ஆரம்பித்தாள். சேர்த்தாள், சேர்த்தாள், சேர்த்துக்கொண்டே இருந்தாள். ஒருத்தி வந்து அவள் முகத்துக்கு நேரே குனிந்து, "நீ என்ன பண்ணினேன்னு உன்னை இங்க கொண்டு விட்டா?" என்று பரிவாகக் கேட்டாள். புதிதாகச் சேர்த்த நோயாளி என்று நினைத்துவிட்டார்கள்.

விசாலத்துக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் பாடினாள். குரல் என்றால் அப்படியொரு குரல். வெந்நீர் அடுப்படியில் இருந்த நான் கரண்டியோடு வந்து நின்றுவிட்டேன்.

ஆனால் அவள் படித்தது, உட்கார்ந்து கேட்கிறவர்களுக்குப் பாட. இங்கே யார் உட்கார்ந்தார்கள்? ஒருத்தி சுவரோரமாக நடந்துகொண்டே இருப்பாள். ஒருத்தி தம்புராவின் குடத்தைத் தட்டிப் பார்ப்பாள். ஒருத்தி பாட்டுக்கு நடுவே, 'எண்ணெய் இருக்கா?' என்று தலையை நீட்டுவாள். விசாலம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வர்ணத்தில் தொடங்கி வரிசை மாறாமல் பாடி, கடைசியில் மங்களம் பாடி முடிப்பாள்.

கச்சேரியானாலும் பஜனையானாலும் மங்களம் பாடிவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அது சின்னக் குழந்தைக்கும் தெரியும். வார்டில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. நாங்கள்தான் அதை யோசிக்கவில்லை.

ராக நோட்டு

மூட்டை கட்டி வரிசையில் நிற்பது தினசரி ஆகிவிட்டது. முதலில் பதினோரு பேர். பிறகு பதினாலு. கதவைத் திறக்க முடியாது என்றதும் அழுகை, தள்ளுமுள்ளு. ஒரு நாள் என் விரல் கதவிடுக்கில் மாட்டி நகம் பிய்ந்தது. இன்னொரு நாள் தங்கம்மை கம்பியில் தலையை மோதி நெற்றியைக் கிழித்துக்கொண்டாள்.

ராகம் சரியில்லை என்று விசாலம் நினைத்தாள். அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. எந்த நோய்க்கு எந்த ராகம் என்று யாரோ பெரியவர் சொல்ல எழுதிக்கொண்டது. காலையில் ஒரு ராகம், மழை பெய்தால் ஒன்று, கோபக்காரிக்கு ஒன்று. தினம் மாற்றிப் பார்த்தாள். எதைப் பாடினாலும் கடைசியில் மங்களம். மங்களம் முடிந்தால் மூட்டை.

டாக்டர் அவளைக் கூப்பிட்டார். நானும் நின்றேன்.

"குட்டி, உன்ற பாட்டுக்கு ஒரு குற்றமும் இல்லை. பக்ஷே வார்டு கலங்கிப் போயி" என்றார். "ஓணம் வரை நோக்கலாம். அதுக்குள்ள ஒருத்திக்கெங்கிலும் கொஞ்சம் சுகம் உண்டுன்னு எனக்குக் காட்டணும். இல்லெங்கில் தம்புராவை வீட்டுக்குக் கொண்டு போய்க்கோ."

வெளியே வந்ததும் விசாலம் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். "செண்பகாக்கா, இந்த வேலை போச்சுன்னா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வரன் காத்திண்டிருக்கு" என்றாள். "கல்யாணத்துக்கப்புறம் பாட்டெல்லாம் கூடாதுன்னு இப்பவே சொல்லிட்டா."

"உங்க அப்பா என்ன சொல்லுகாரு?"

"நல்ல இடம்ங்கறார்."

அறுந்த தந்தி

கர்க்கடக மாசம், நம் ஆடி மாச மழையில் ஒரு நாள். பாட்டுப் பாதியில் போய்க்கொண்டிருக்கிறது. படீரென்று தம்புராத் தந்தி அறுந்தது. மாற்றுத் தந்தி கையில் இல்லை. சுருதி இல்லாமல் பாட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. மங்களமும் பாடவில்லை. கண் கலங்கத் தம்புராவை உறையில் போட்டாள்.

நான் சாவியைப் பிடித்துக்கொண்டு கதவருகே தயாராக நின்றேன். யாரும் வரவில்லை. மூட்டை ஒன்றும் கிளம்பவில்லை. எல்லாரும் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கஞ்சி நேரத்தில் தங்கம்மை என்னிடம் வந்தாள். "ஏட்டி சாவிக்காரி, அந்தப் பிள்ள மிச்சத்த எப்பப் பாடும்?"

"நாளைக்கு."

"அப்போ நாளைக்கு இருக்கணும்" என்றாள், யாரோ விருந்துக்குக் கூப்பிட்டதுபோல.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தங்கம்மை முன்பு கேட்ட கேள்வி நெஞ்சில் வந்து இடித்தது. நான் சாவிக்காரி, எல்லாம் தெரிந்தவள் என்ற மிதப்பில் இருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ஒருத்தி தெளிவாகக் கேட்டதை, அவள் கேட்டாள் என்பதற்காகவே தள்ளிவிட்டேன். ஏழு பேரை வளர்த்தவள் என்று பெருமை பேசுகிற நான் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் விசாலத்தைக் கதவருகிலேயே நிறுத்திச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாலு வருஷம் படிச்சேன் அக்கா. மங்களம் பாடாம எழுந்திருக்கக் கூடாதுன்னு தினம் சொல்லிக் கொடுத்தா. அதைப் பாடினா ஒருத்திக்கு இப்படி ஆகும்னு ஒரு நாள் கூட யாரும் சொல்லலே."

பலாமரத்தடி

மங்களம் பாடாமல் எழுந்திருப்பது அவளுக்குச் சுலபமாக வரவில்லை. விளக்கை வாயால் ஊதி அணைப்பதுபோல இருக்கிறது என்பாள். ஆனாலும் பாட்டைப் பாதியில் நிறுத்த ஆரம்பித்தாள். பல்லவி, அனுபல்லவி இன்றைக்கு. சரணம் நாளைக்கு. நாளைக்கு அந்தச் சரணத்தை முடித்து, அடுத்த பாட்டைத் தொடங்கி, அதைப் பாதியில் விடுவாள்.

தம்புராத் தந்தி கொடுக்க அவள் அப்பா ஒரு நாள் வந்தார். அவரும் சங்கீதக்காரர். வராந்தாவில் நின்று கேட்டார். மகள் பாதியில் நிறுத்தி எழுந்ததும் அவர் முகம் மாறியது.

"என்னடி இது? அனுபல்லவியோட எழுந்துண்டுட்டே. மங்களம் எங்கே?"

"இங்கே இல்லேப்பா."

"இப்படிப் பாடறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்? என் பேரைக் கெடுக்காதே."

"மங்களம் பாடினா அவா மூட்டை கட்டிண்டு நிக்கறா அப்பா. கதவைத் திறக்க முடியாது. திறக்க முடியாத வாசல்ல நின்னுண்டு எதுக்கு மங்களம்?"

அவர் வாசல் பக்கம் திரும்பினார். நான் கதவைத் திறந்துவிட்டேன். இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். காம்பவுண்டுக்கு வெளியே ஒரு பலாமரம் உண்டு. விசாலம் தினமும் அதன் அடியில் ஒரு நிமிஷம் நிற்பாள். எதற்கு என்று எனக்கு அதுவரை தெரியாது. அன்று மழை இல்லாததால் காற்றில் கேட்டது. உள்ளே பாடாத மங்களத்தை அங்கே நின்று மெல்லப் பாடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறாள், தினமும். அவள் பாட, கொஞ்ச நேரம் கழித்து அப்பாவின் குரலும் சேர்ந்துகொண்டது.

எட்டு எண்ணிக்கை

பாதியில் விட்ட பாட்டு வார்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. பயறு புடைக்கும்போது ஒருத்தி முணுமுணுப்பாள். அடுத்த வரி என்ன என்று இரண்டு பேர் சண்டை போடுவார்கள். பாட்டின் வார்த்தை யாருக்கும் புரியாத பாஷை. அதனால் தங்கம்மை தன் சொந்த வார்த்தைகளை வைத்து மிச்சத்தைப் பாட ஆரம்பித்தாள்.

'அண்ணன் வீட்டு வாசல்ல ரெண்டு தென்னை, கிணத்துக்கு மேக்கே சாம்ப மரம், சாய்ப்புல கட்டின செவலப் பசு.' இப்படிப் போகும்.

தங்கம்மையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். புருஷன் செத்தபோது மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லையாம். திறந்த பிறகு மூடவில்லை. தலையும் வாலும் இல்லாத பேச்சு. அண்ணன் கொண்டுவந்து விட்டார். முதல் ஓணத்துக்கு வந்து பார்த்தார். பிறகு வரவில்லை. டாக்டர் எழுதினால், 'ஒழுங்காகப் பேசினால் சொல்லுங்கள், வருகிறேன்' என்று ஒற்றை வரிப் பதில் வரும்.

ஓணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது டாக்டர் வராந்தாவில் நின்று இந்தப் பாட்டைக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"பழைய பிதற்றல்தானே. இப்போ ராகத்தோடெ பிதற்றுகா. அவ்வளவே உள்ளூ."

எனக்கும் அப்படித்தான் பட்டது. விசாலம் மட்டும் நகரவில்லை. அவள் வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"ஸார், கொஞ்சம் நில்லுங்கோ" என்றாள். "என் கையைப் பாருங்கோ. எட்டு எண்ணிக்கைத் தாளம். அவ பாடறது ஒரு சுத்துக்கு எட்டு, ஒரு சுத்துக்கு எட்டு. நானும் எண்ணிண்டே இருக்கேன். பதினாறு சுத்து ஆச்சு. ஒரு இடத்துல கூட வழுக்கலே. புதுசா வார்த்தை போடறா, அந்த வார்த்தையை நீட்டிக் குறுக்கித் தாளத்துக்குள்ள அடக்கறா. எங்க பள்ளிக்கூடத்துல ரெண்டாம் வருஷத்துப் பொண்களுக்கே இது வராது. புத்தி ஓரிடத்துல நிக்காம இதைப் பண்ண முடியாது ஸார்."

டாக்டர் திரும்பி வந்தார். அவரும் விரலை எண்ணிப் பார்த்தார். இரண்டு தடவை அவருக்கு எண்ணிக்கை தப்பியது. தங்கம்மைக்குத் தப்பவில்லை.

"அவ வீட்டுல சாம்ப மரம் இருக்கான்னு எழுதிக் கேளுங்கோ" என்றாள் விசாலம். "பாட்டுல மட்டும் இருக்கா, நிஜத்துலயும் இருக்கான்னு தெரிஞ்சுடும்."

அன்றே கடிதம் போயிற்று.

கதவு

பதில் கடிதம் வரவில்லை. தங்கம்மையின் அண்ணனே வந்தார். ஓணப் பூக்கோலம் தொடங்குகிற அத்தத்துக்கு முந்தின நாளோ என்னவோ, முற்றத்தில் மஞ்சள் வெயில் அடித்தது நினைவிருக்கிறது. பஸ்ஸில் வந்த புழுதியோடு, கையில் ஒரு வாழைத்தாரோடு நின்றார்.

"கெணத்துக்கு மேக்கே சாம்ப மரம் நின்னது உண்டு" என்றார் டாக்டரிடம். "வெட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. அவ அதுல ஏறித்தான் விளையாடுவா." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

தங்கம்மை அவரைப் பார்த்துவிட்டு, "செவலப் பசு என்னாச்சு அண்ணா?" என்றாள்.

"நிக்கு மக்கா. கன்னு போட்டிருக்கு."

டாக்டர் இரண்டு நாள் வைத்துப் பேசிப் பார்த்தார். பிறகு கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். விசாலத்தைப் பார்த்து, "தம்புரா இவிடெ இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் வேலை நிலைத்தது.

தங்கம்மை மூட்டை கட்டிக்கொண்டு கதவருகே வந்தாள். நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரி. பாடட்டும்" என்றாள். விசாலத்தைப் பார்த்து, "பிள்ளே, இன்னைக்கு மங்களம் பாடு" என்றாள்.

பின்னால் அத்தனை பேரும் இருக்கிறார்கள். பாடினால் எல்லாரும் மூட்டையைத் தூக்குவார்கள். விசாலமும் என்னைப் பார்த்தாள். அதற்குள் ஒருத்தி எழுந்து மூட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

தங்கம்மை திரும்பினாள். கல்யாண வீட்டில் பந்தி பார்க்கிறவள்போல நின்று சொன்னாள்.

"எல்லாரும் இரிங்க. இது எனக்குள்ளது. உங்களுக்குள்ளது உங்க நாள்ல பாடுவா."

எழுந்தவள் உட்கார்ந்தாள். மற்றவர்களும் அசையவில்லை. விசாலம் தம்புரா இல்லாமல், கதவருகே நின்றபடியே பாடினாள். முடிந்ததும் நான் கதவைத் திறந்தேன். அந்தக் கதவு திறக்கும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். அன்றைக்கு அது எனக்கு உறுத்தவில்லை.

அதன் பிறகு அதுவே அங்கே வழக்கமாகிவிட்டது. யாராவது வீடு போகும் நாளில் மட்டும் மங்களம். மற்ற நாளெல்லாம் பாதிப் பாட்டு. எல்லாருக்கும் அந்த நாள் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. சிலர் கடைசிவரை பாதிப் பாட்டோடு இருந்தார்கள். ஆனால் காலையில் பாய் விரிக்கும் முன்பே வந்து உட்கார்ந்தார்கள். மூட்டையை யாரும் தூக்கவில்லை.

விசாலம் பல வருஷம் அங்கே இருந்தாள். தஞ்சாவூர் வரன் வேறு இடம் பார்த்துக்கொண்டது. ராக நோட்டை என்ன செய்தாள் என்று ஒரு தடவை கேட்டேன். "பத்திரமா வெச்சிருக்கேன் அக்கா. அதுல காலிப் பக்கம் நிறைய இருக்கு" என்றாள். அந்தப் பக்கங்களில் வார்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியும் எந்த வரிக்குத் தலையைத் தூக்கினாள் என்று எழுதிவைத்திருந்தாள்.

கடிதம் எழுதிய பெண்ணுக்குச் சொல்கிறேன். உன் படிப்பு கை கொடுக்கும் மகளே. எட்டு எண்ணத் தெரிந்திருக்காவிட்டால், தங்கம்மை இன்னும் எத்தனை ஓணத்துக்கு அங்கேயே இருந்திருப்பாளோ. ஆனால் மங்களத்தைப் பற்றி விசாலத்துக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை. வரிசையில் முதலில் நின்றவள்தான் சொன்னாள். அவள் கேட்கும்போது என்னைப்போலக் காதை மூடிக்கொள்ளாதே.

நான் வேலையை விட்ட நாளில் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினேன். கதவருகே விசாலம் நின்றிருந்தாள். எனக்கும் பாடினாள்.

செல்வி, எழுதினது போதும். இப்போது முதலிலிருந்து படி, கேட்கிறேன். கதவு திறக்கிற இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படி.